பண்டிகை எண்ணெய்

எங்கள் வீட்டில் எண்ணெய் மாற்ற வருஷத்தில் மூன்று நாள் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முந்தின சனிக்கிழமை, ஈஸ்டருக்கு முந்தின சனிக்கிழமை, அறுப்பின் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை. தலைக்குத் தேய்க்கிற எண்ணெயைச் சொல்லவில்லை. வேனின் எஞ்சினில் ஊற்றுகிற எண்ணெயைச் சொல்கிறேன். வேறெந்த ஊரிலாவது எஞ்சின் எண்ணெய்க்குப் பஞ்சாங்கம் பார்ப்பார்களா என்று எனக்குத் தெரியாது. எங்கள் வீட்டில் பார்த்தார்கள்.

உதியன்குளங்கரையிலிருந்து உள்ளே திரும்பும் செம்மண் ரோட்டில் எங்கள் வீடு. வேன் என் புருஷன் விஜயதாசுடையது. அதற்கு முன் என் மாமனார் யோசுவாவுடையது. அதற்கும் முன் மிஷன் வேலைக்கு வந்த வெள்ளைக்கார மிஸ்ஸியம்மாவுடையது. என் மாமனார் அவளுக்கு வண்டி ஓட்டினார். மிஸ்ஸியம்மா ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வேனில் ஏறுவாள். ஒரு சபைக்குப் போவாள், ஆராதனை முடிந்ததும் கோழிக்கறி சாப்பிடுவாள், திரும்பி வருவாள். வேகம் அவளுக்குப் பிடிக்காது. பின்னால் வருகிற மாட்டுவண்டிக்காரன் வழி கேட்டுக் கத்துவான் என்று என் மாமனாரே சொல்லிச் சிரிப்பார். அப்படி ஓடிய வண்டிக்குத்தான் அவள் ஒரு சட்டம் போட்டாள். "மூன்று பண்டிகைக்கும் எண்ணெய் மாற்று, யோசுவா. மறக்காதே." அவள் ஓட்டத்துக்கு அந்தச் சட்டம் சரி. அதில் நான் குற்றம் சொல்ல மாட்டேன்.

அவள் சீமைக்குப் போகும்போது வேனை என் மாமனாருக்கே கொடுத்துவிட்டுப் போனாள். வேனோடு சட்டமும் வந்தது. மைல் காட்டுகிற முள் எப்போதோ ஒரு எண்ணில் வந்து படுத்துவிட்டது. அதைச் சரியாக்க யாரும் மெனக்கெடவில்லை. பண்டிகை இருக்கும்போது முள் எதற்கு?

அந்தச் சனிக்கிழமைகளைப் பார்க்க வேண்டும். காலையிலேயே வேனைக் கழுவி முற்றத்தில் நிறுத்துவார்கள். எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, அடியில் பாய் விரித்துப் படுத்து, எண்ணெய் வடிக்கிற ஆணியைத் திறந்து பழைய எண்ணெயைத் தகரத்தில் பிடிப்பார்கள். புது எண்ணெய் ஊற்றி, மாமனார் தலைப்பாகையைக் கழற்றி ஒரு ஜெபம் செய்வார். மறுநாள் அறுப்பின் பண்டிகை என்றால் சபைக்குப் படைக்கிற நெல்லும் வாழைக்குலையும் ஏலத்துக்கு விடுகிற சேவல்களும் வேனில் ஏறும். சபையே ரோட்டில் நின்று பார்க்கும்.

முறை தப்பி இரண்டு தடவை எண்ணெய் மாற்றினார்களாம். ஒரு தடவை மாற்றிய வாரத்தில் மிஸ்ஸியம்மாவுக்குக் காய்ச்சல் வந்து சீமைக்குக் கப்பல் ஏறினாள். இன்னொரு தடவை ஒரு கல்யாணத்துக்காக மாற்றினார்கள், அந்த வாரம் என் மாமனார் தென்னையடியில் விழுந்து செத்துப்போனார். இது போதாதா ஒரு நம்பிக்கை முளைக்க? விக்கிரகத்தைக் கும்பிடுகிறவர்களைப் பார்த்துச் சிரிக்கிற குடும்பம் எங்களுடையது. என் புருஷன் சகுனம் பார்க்க மாட்டார், சாதகம் பார்க்க மாட்டார். ஆனால் பண்டிகை வராமல் அந்த ஆணியில் கை வைக்க மாட்டார்.

சோம்பேறி என்று நினைத்துவிடக் கூடாது. காலையில் பல் விளக்குமுன் எஞ்சின் மூடியைத் திறப்பார். எண்ணெய் அளவு பார்க்கிற கம்பியை உருவி, துடைத்து, மறுபடி விட்டு எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். குறைந்திருந்தால் குறைந்த அளவுக்கு மேலே ஊற்றி நிரப்புவார். கம்பி துடைக்க ஒரு வெள்ளை வேட்டித்துண்டு வைத்திருந்தார். கஞ்சிப்பானையை இறக்க அவசரத்தில் அதை எடுத்துவிட்டேன் என்றால் அன்றைக்கு எனக்குப் பாட்டுத்தான்.

பழைய எண்ணெய்க்கு ஒரு ஆள் உண்டு. பூவார் கடப்புறத்து கிரகோரி. வாரச்சந்தைக்குக் காட்டாக்கடை போகும்போது அவனுடைய மீன்கூடைகளும் எங்கள் வேனில்தான் போகும். மூன்று பண்டிகைக்கும் தகரத்தோடு வந்துவிடுவான். அந்தக் கறுப்பு எண்ணெயை மீனெண்ணெயோடு கலந்து வள்ளத்தின் அடியில் பூசினால் மரத்தைப் புழு அரிக்காது என்பான். வரும்போது ஒரு நெய்மீனோ சாளையோ ஓலையில் கட்டிக்கொண்டு வருவான். அவன் கத்தோலிக்கன், நாங்கள் சபைக்காரர்கள். ஆனாலும் எங்கள் பண்டிகை எப்போது வரும் என்று எங்களைவிட அவனுக்குத்தான் நன்றாகத் தெரியும்.

பிறகு போராட்டம் வந்தது. தமிழ் பேசுகிற தாலுகாக்களை மலையாள ராஜ்யத்திலிருந்து பிரித்துத் தமிழ்நாட்டோடு சேர்க்க வேண்டும் என்று தெற்கே எல்லாரும் எழும்பினார்கள். என் புருஷனும் எழும்பினார். அவர் எழும்பினால் வேனும் எழும்ப வேண்டும் அல்லவா? வேனின் மேலே குழாய் ஒலிபெருக்கி கட்டினார்கள். சந்தை நாளும் ஞாயிறும் மட்டும் ஓடிய வண்டி, விடிந்தால் களியக்காவிளை, மத்தியானம் மார்த்தாண்டம், சாயங்காலம் நாகர்கோவில் என்று ஓடத் தொடங்கியது. கூட்டம் நடக்கிற இடத்தில் ஒலிபெருக்கிக்காக எஞ்சினை அணைக்காமலே மணிக்கணக்கில் நிறுத்தினார்கள். ஏழு பேர் உட்காருகிற இடத்தில் பதினைந்து பேர் தொங்கினார்கள். ஊர்வலத்துக்குப் பின்னால் நடை வேகத்தில் ஊர்ந்தது. புழுதியெல்லாம் அது தின்றது.

ஒலிபெருக்கியில் கோஷம் கூப்பிட்டவன் கிரகோரியின் தம்பி யேசுவடியான். கடலில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. குழாய் இல்லாமலே அவன் சத்தம் அடுத்த ஊருக்குக் கேட்கும். இருபத்திரண்டு வயசு. கழுத்தில் நூலில் கோர்த்த சின்னத் துணித்துண்டு, மாதாவின் உத்தரியம், தொங்கும். பாதி நாள் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என்னை அக்கா என்பான், கேட்காமலே சட்டியைத் திறந்து பார்ப்பான். எனக்குக் கூடப்பிறந்த தம்பி இல்லை. அதனால் அவனை நான் திட்டியதெல்லாம் கொஞ்சலாகத்தான் வந்தது.

அந்த உத்தரியத்தைப் பார்த்து என் புருஷன் ஒருநாள் கேலி செய்தார்.

"எலே, இந்தத் துணியா உன்னைக் காக்கும்?"

"பின்ன, உங்களுக்கு எண்ணெச்சாமி உண்டு. எங்களுக்கு என்ன உண்டு அண்ணே?" என்றான் யேசுவடியான். "மூணு பண்டியலுக்கும் அபிசேகம் வேண்டிய சாமி ஆக்கும் அது."

நான் சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடத்தைக் கீழே வைத்துவிட்டேன். என் புருஷன் முகம் கறுத்துப்போனது. அந்தப் பேச்சு அதோடு நின்றது.

ஈஸ்டருக்கு மாற்றிய எண்ணெய் வைகாசிக் கடைசியில் இடவப்பாதி மழை வரும்போதே தார் மாதிரி ஆகிவிட்டது. நான் கம்பியைப் பார்த்துச் சொல்லவில்லை. கம்பி துடைக்கிற துண்டைத் துவைத்தவள் நான். என்ன சோப்பு போட்டாலும் அந்தக் கறுப்பு போகவில்லை, விரலில் பொடிப்பொடியாக நெருடியது. வேன் முற்றத்தை விட்டுப் போன பிறகும் நீலப்புகை வாழைத்தோப்பில் நிற்கும். கருகல் வாடை சோற்றில்கூட இருந்தது.

கடையடைப்பு வரும், பிறகு ஒன்றும் கிடைக்காது என்று அறுப்பின் பண்டிகைக்கு வேண்டிய புது எண்ணெயை அவர் முன்கூட்டியே திருவனந்தபுரத்திலிருந்து வாங்கி வந்திருந்தார். சீல் உடையாத தகரம். கட்டிலுக்கு அடியில் வைத்தார். பெருக்கும்போதெல்லாம் துடைப்பம் அதில் முட்டும். மேலே ஊற்றி நிரப்பக்கூட அதைத் தொடவில்லை. அதற்குக் கடையில் அளந்து வாங்குகிற சில்லறை எண்ணெய்.

ஆடி மாதத்தில், மழை கொஞ்சம் ஓய்ந்த ஒரு காலையில் கிரகோரி தகரத்தோடு வந்தான். மீன் இல்லை, கடல் அடித்துக் கிடந்தது. தம்பிக்காகப் புது வள்ளம் ஒன்று செய்திருந்தார்கள். கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். கடல் தெளியுமுன் எண்ணெய் பூச வேண்டும்.

"அண்ணே, வண்டிக்க எண்ணெய ஒருக்கா எடுத்துத் தரணும்" என்றான்.

"அறுப்பின் பண்டியல் வரட்டும் கிரகோரி."

"அது கன்னி மாசத்திலல்லா, இன்னும் ரெண்டு மாசம் கிடக்கு. அதுக்குள்ள தம்பிக்க வள்ளம் காஞ்சு வெடிச்சுப்போவும்."

"முறை தப்பி எடுக்கப்பிடாது. எனக்க அப்பன் போனது உமக்குத் தெரியாதா?"

கிரகோரி எஞ்சின் பக்கம் போய் மூக்கை வைத்தான். "கருகுது அண்ணே. நாத்தம் அடிக்குது. இத வச்சு என்ன செய்யப் போறீரு? எனக்குத் தந்தா வள்ளத்துக்காவது ஆவும்."

"அளவு சரியா இருக்கு. இந்தா பாரும்." கம்பியை உருவிக் காட்டினார்.

எனக்குப் பொறுக்கவில்லை. "இஞ்ச பாருங்க. வடை சுட்ட எண்ணெயில தெனமும் புது எண்ண கொஞ்சம் ஊத்தினா அது புது எண்ண ஆயிருமா? கட்டிலுக்கு அடியில புதுசு சும்மா கிடக்கு. அந்தப் பாவத்துக்கு இதக் குடுத்துட்டு அத ஊத்துங்க."

"அடுப்படிச் சோலியப் பாரு ரத்னபாய்."

நான் அடுப்படிக்குப் போனேன். சட்டியை வைத்த சத்தம் கிரகோரிக்குக் கேட்டிருக்கும். "செரி அண்ணே, பண்டியலுக்கு வாறேன்" என்று சொல்லி வெறும் தகரத்தைத் தூக்கிக்கொண்டு திருப்புறம் ஊர் வழியாகக் கடப்புறத்துக்கு நடந்தே போனான்.

அடுத்த மாதம் போலீஸ் வெடிவைத்தது, போராட்டக்காரர்கள் மேல் துப்பாக்கியால் சுட்டது. தெற்கே மார்த்தாண்டம் பக்கம். அன்றைக்கு விடிகாலையிலேயே வேன் ஆட்களோடு போயிருந்தது. மத்தியானம் கழிந்து திரும்பி வந்தபோது எஞ்சினிலிருந்து உலக்கை இடிக்கிற மாதிரி சத்தம். ஒலிபெருக்கியைக் காணோம். வேனுக்குள் பின்பக்கத் தரையில் யேசுவடியான் கிடந்தான். தொடையில் குண்டு. யாருடைய வேட்டியையோ சுற்றியிருந்தார்கள், அது முழுக்கச் சிவந்திருந்தது.

"அங்கோட்டு ரோடு முழுக்க போலீசு. மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போவ வழியில்ல" என்றார் என் புருஷன். நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றேன். அங்கேயும் வாசலில் போலீஸ் நின்று குண்டடிபட்டவர்களைப் பிடிக்கிறார்கள் என்று பேச்சு. உண்மையோ பொய்யோ, போய்ப் பார்த்து வந்தவர் யாருமில்லை. பயந்தவன் காதில் பேச்சுதான் முதலில் ஏறும். காட்டாக்கடைக்கு மேலே டாக்டர் ஞானசிகாமணி இருந்தார். எங்கள் சபைக்காரர், பட்டாளத்தில் குண்டு எடுத்துப் பழகியவர். அவரிடம் போவது என்று முடிவானது. சந்தைக்குப் போய்ப்போய் வேனுக்கே தெரிந்த வழி.

சைக்கிளில் ஒருவன் கடப்புறத்துக்குப் பறந்தான். கிரகோரி சட்டைகூடப் போடாமல் அதே சைக்கிளின் பின்னால் உட்கார்ந்து வந்து சேர்ந்தான். நான் என் சேலை ஒன்றைக் கிழித்துத் தொடைக்கு மேலே இறுக்கிக் கட்டினேன். வேனில் ஏறினேன். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. யேசுவடியான் தலை என் மடியில், கிரகோரியின் இரண்டு கையும் காயத்தின் மேல்.

புறப்படுமுன் என் புருஷன் எஞ்சின் மூடியைத் திறந்து கம்பியை உருவிப் பார்த்தார். வேனில் ஒரு உயிர் போய்க்கொண்டிருக்கும்போதும் அந்த வேட்டித்துண்டால் துடைத்து, விட்டு எடுத்துப் பார்த்தார். அளவு சரியாக இருந்தது. ஏறி உட்கார்ந்தார்.

சமதரையில் வண்டி ஓடியது. அந்தச் சத்தம்தான் என்னைக் கொன்றது. ஒவ்வொரு இடிக்கும் யேசுவடியானின் தலை என் மடியில் ஆடியது. மழை தூறத் தொடங்கியது. நெய்யாற்றைக் கடந்து மேட்டு ரோடு தொடங்கியதும் சத்தம் மாறியது. இடி நின்று, இரும்பு இரும்பைத் தின்கிற கீச்சல் ஒன்று நீளமாக வந்தது. வேன் முழுக்க ஒரு தரம் உதறிப் பாதி மேட்டில் நின்றுவிட்டது.

"அண்ணே, நிறுத்தாதீரும்" என்றான் கிரகோரி.

"நான் நிறுத்தல்ல."

அவர் இறங்கி, முன்னால் இரும்புக் கைப்பிடியைச் சொருகிச் சுற்றினார். அது அசையவில்லை. முழு உடம்பையும் போட்டு அதன்மேல் ஏறி நின்றார். அசையவில்லை. எஞ்சின் உள்ளே எல்லாம் ஒன்றாகக் கட்டிப்போய்விட்டது. மூடியைத் திறந்ததும் புகை முகத்தில் அடித்தது. அவர் அப்போதும் கம்பியை உருவினார்.

"அளவு இருக்கு" என்றார். "பாரும் கிரகோரி, அளவு இருக்கே. அளவு சரியாத்தானே இருக்கு."

கிரகோரி கம்பியின் நுனியை இரண்டு விரலால் தொட்டான். தேய்த்துப் பார்த்தான். அந்த விரலில் ஏற்கெனவே தம்பியின் ரத்தம் இருந்தது. விரலை வேட்டியில் துடைத்துவிட்டு வேனின் உள்ளே குனிந்து தம்பியின் தோளைப் பிடித்தான்.

ரோட்டோரம் ஒரு மலையாளத்து வீடு. சத்தம் கேட்டு வீட்டுக்காரர் குடையோடு வந்தார். எங்களை யார் என்று கேட்கவில்லை, எந்தக் கட்சி என்று கேட்கவில்லை. ரத்தத்தைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடி, மகனோடு ஒரு கயிற்றுக் கட்டிலைத் தூக்கி வந்தார். "இதில கிடத்தாம். வேகம், வேகம்!" நான்கு கால்களையும் நான்கு ஆண்கள் பிடித்தார்கள். காலையில் எங்கள் குழாய் யாருக்கு எதிராகக் கத்தியதோ அவர்களில் இரண்டு பேர் அந்தக் கட்டிலைச் சுமந்தார்கள். அதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு ஆகாது.

மேடு ஏறி இறங்கி மறுபடி ஏறியது. நான் பக்கத்தில் ஓடினேன், அவன் முகத்தில் மழை விழாமல் குடை பிடித்துக்கொண்டு.

"அக்கா" என்றான். உதடு வெளுத்திருந்தது. "வண்டி ஓடுதா?"

"ஓடுது மக்கா."

"சத்தமே கேக்கல்ல."

"நல்லா ஓடுது. அதனாலாக்கும் சத்தம் கேக்காதது."

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. ஊர் ஊராகக் கேட்ட அந்தத் தொண்டை ஒரு வளைவில் அடங்கியது. கட்டிலைச் சுமந்தவர்களுக்கு அது தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. ஆனாலும் நான் சொல்லவில்லை, குடையையும் இறக்கவில்லை.

டாக்டர் ஞானசிகாமணி விளக்கைப் பிடித்துப் பார்த்தார். கட்டைப் பிரித்தார், கட்டினார்.

"எலும்புல படல்ல. குண்டு பெருசா ஒண்ணும் செய்யல்ல. ரத்தம் போனதாக்கும்." பிறகு நிமிர்ந்து, கட்டிலையும் நனைந்து நிற்கிற எங்களையும் பார்த்தார். "உனக்கு வண்டி உண்டே விஜயதாஸ்? வண்டியில கொண்டு வரப்பிடாதா?"

என் புருஷன் கையில் பட்ட எண்ணெயை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கடப்புறத்தில் அடக்கம் நடந்தது. எங்கிருந்தெல்லாமோ ஆள் வந்தது. தியாகி என்றார்கள். போலீஸ் கொன்றது என்று ஒவ்வொருவரும் பேசினார்கள். சுட்டது போலீஸ்தான், அதில் பொய் இல்லை. ஆனால் அந்த வார்த்தையைக் கேட்கக் கேட்க என் புருஷனின் முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்வதைப் பார்த்தேன். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. வீட்டுக்கு வந்ததும் கேட்டேன்.

"போலீசு தொடையில சுட்டுது. பாதி மேட்டில நிறுத்தினது ஆரு?"

அவர் எழுந்து கிணற்றடிக்குப் போனார். நான் அதற்குப் பிறகு கேட்கவில்லை. ஒரே பாயில் படுத்துக்கொண்டு அவரை வெறுத்தேன். தூக்கத்தில் அவர் முனகும்போது எழுப்பித் தண்ணீரும் கொடுத்தேன். இரண்டும் உண்மைதான்.

இரண்டு வருஷம் கழிந்து எல்லைக்கோடு போட்டார்கள். கோடு எங்களுக்கு அந்தப் பக்கம், களியக்காவிளையில் விழுந்தது. நாங்கள் இந்தப் பக்கம், மலையாள ராஜ்யத்திலேயே கிடந்தோம். யேசுவடியான் தொண்டை கிழியக் கேட்ட மண் அவனுடைய கல்லறைக்குக்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. அதற்கு முன்னால், வெடிவைத்த அதே வருஷம் கன்னி மாசத்தில் நடந்தது.

வேனைக் காளை பூட்டி இழுத்துக்கொண்டு வந்து முற்றத்தில் விட்டிருந்தார்கள். கோழிகள் அதில் அடைந்தன. பின்பக்கத் தரையை எத்தனையோ தரம் கழுவிவிட்டேன். அதன் பக்கத்தில் போகாமல் சுற்றுவழியாகக் கிணற்றடிக்குப் போகப் பழகியிருந்தார் என் புருஷன்.

அறுப்பின் பண்டிகைக்கு முந்தின சனிக்கிழமை காலை. நான் முற்றம் தெளித்துக்கொண்டிருந்தேன். திருப்புறம் ரோட்டில் ஒருவன் நடந்து வருவது தெரிந்தது. கையில் தகரம். இன்னொரு கையில் ஓலையில் கட்டிய மீன்.

கிரகோரி மீனை என்னிடம் நீட்டினான். எப்போதும்போல. நான் வாங்கினேன்.

"அண்ணன் உண்டா?"

அவர் வெளியே வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். அடக்கத்துக்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்ப்பது அன்றைக்குத்தான்.

"நாளைக்குப் பண்டியலல்லா" என்றான் கிரகோரி. "எண்ண எடுக்கல்லியா?"

"கிரகோரி…"

"தம்பிக்க வள்ளம் காஞ்சு கிடக்கு அண்ணே. நீரு சொன்ன நாளு வந்தாச்சு."

அவன் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வழக்கமாகக் கேட்கிற மாதிரியேதான் கேட்டான். என் புருஷன் பாயை எடுத்து விரித்தார். வேனுக்கு அடியில் நுழைந்து ஆணியைத் திறந்தார். முதலில் ஒன்றும் வரவில்லை. பிறகு அடிப்பிடித்த பாயசம் மாதிரி கட்டிகட்டியாக வந்து தகரத்தில் விழுந்தது. கிரகோரி குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தான். நெடுநேரம் ஆனது. கடைசியில் வந்ததில் வெயில் பட்டுச் சின்னச்சின்னதாக மின்னியது. எஞ்சினுக்குள் அரைபட்டுப்போன இரும்பின் தூள்.

என் புருஷன் வெளியே வந்து தகரத்தை அவன் முன்னால் நகர்த்தி வைத்தார். முகம் முழுக்கக் கறுப்பு.

"புதுசு ஊத்தல்லியா அண்ணே?"

"இனி இது ஓடாது கிரகோரி. எஞ்சின் செத்துப்போச்சு."

"ஓடாட்டா என்ன? பண்டியலல்லா. முறை தப்பப்பிடாதுல்லா."

அவன் எழுந்திருக்கவே இல்லை. குந்தியிருந்த இடத்திலேயே இருந்தான். என் புருஷன் என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்லி அவரைக் காப்பாற்றுவேன் என்று நினைத்தார் போலிருக்கிறது. நான் உள்ளே போனேன். கட்டிலுக்கு அடியில் கையை விட்டு, சீல் உடையாத அந்தத் தகரத்தை இழுத்து எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தேன்.

அவர் சீலை உடைத்தார். ஆணியை முறுக்கினார். ஊற்றினார். தேன் நிறத்தில் அவ்வளவு சுத்தமான எண்ணெய், செத்த எஞ்சினுக்குள் சத்தமில்லாமல் இறங்கியது. கடைசிச் சொட்டு வரை ஊற்ற வைத்துவிட்டுத்தான் கிரகோரி எழுந்தான். கறுப்புத் தகரத்தைத் தூக்கித் தோளில் வைத்தான்.

"வாறேன் அக்கா" என்றான். அண்ணே என்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பண்டிகைக்கும் அவன் வரவில்லை.

அவன் தலை ரோட்டில் மறையும் வரை என் புருஷன் அசையாமல் நின்றார். பிறகு எஞ்சின் மூடிக்குள் கை விட்டுக் கம்பியை உருவினார். வேட்டித்துண்டால் துடைத்தார், உள்ளே விட்டு எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். அளவு சரியாக இருந்தது.